பேசும் கணினிக்குள் பேசாத கணினி

ஒரு கணினிக்குள் மென்பொருளால் கட்டப்படும் இன்னொரு கணினிக்கு மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். விண்டோஸ் ஓடும் மடிக்கணினியில் ஒரு சாளரத்தைத் திறந்து அதற்குள் லினக்ஸை ஓட்டலாம்; மேக்கில் அதேபோல விண்டோஸை ஓட்டலாம். வெளியே இருப்பதை ஹோஸ்ட் என்றும் உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும் சொல்வார்கள். பார்வை உள்ளவருக்கு இது திரையில் இன்னுமொரு சாளரம், அவ்வளவுதான். பார்வையற்றவருக்கு அப்படியல்ல. அவர் கணினியைத் திரைவாசிப்பானின் குரலில் கேட்கிறார், அல்லது பிரெயில் டிஸ்ப்ளேயில் விரல் வைத்துப் படிக்கிறார். இன்றைய திரைவாசிப்பான் திரையில் தெரியும் உருவத்தைப் பார்த்துப் படிப்பதில்லை. இது பொத்தான், இதன் பெயர் இன்னது, இது இப்போது அழுத்தப்பட்டிருக்கிறது என்று இயங்குதளமும் மென்பொருள்களும் எடுத்துக்கொடுக்கும் விவரங்களைத்தான் படிக்கிறது. கெஸ்ட் சாளரத்துக்குள் என்ன பொத்தான் இருக்கிறது என்பது ஹோஸ்டுக்கே தெரியாது. அதைப் பொறுத்தவரை அது ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் ஒரு படம். ஹோஸ்டின் திரைவாசிப்பான் அந்தச் சாளரத்தின் தலைப்பைச் சொல்லிவிட்டு மௌனமாகிவிடும்.

ஆகவே இரண்டாவது இயங்குதளம் ஒன்றை ஓட்ட நினைத்த பார்வையற்றவர் முன்னால் எப்போதும் ஒரே கேள்விதான் நின்றது: குரலை எங்கே வைப்பது, உள்ளேயா வெளியேயா?

டாஸ் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. திரையில் 25 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். மொத்தம் 2000 எழுத்துகள். எழுத்துக்கு ஒரு பைட், அதன் நிறத்துக்கு ஒரு பைட் என்று நினைவகத்தின் ஒரு மூலையில் 4000 பைட்டுகளாக அவை வரிசையாகக் கிடந்தன. திரைவாசிப்பான் அங்கே போய் எடுத்துப் படித்தால் போதும். ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜிம் தாட்சர், பார்வையற்ற சக ஆய்வாளர் ஜெஸ்ஸி ரைட்டோடு சேர்ந்து 1980களின் நடுவில் உருவாக்கியது அப்படிப்பட்ட ஒரு மென்பொருள். 1986இல் ஐபிஎம் அதை 'ஸ்கிரீன் ரீடர்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த ஒரு பொருளின் பெயரே பிறகு அந்த இனத்துக்கெல்லாம் பொதுப்பெயராயிற்று. மோட்டார்சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978இல் விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டர், 1987இல் பங்காளி ஒருவருடன் நிறுவனம் தொடங்கி, 1989இல் டாஸுக்கான 'ஜாஸ்' திரைவாசிப்பானை வெளியிட்டார். குரலும் அப்போது பலருக்குக் கணினிக்குள் இல்லை. டெக்டாக் போன்ற தனிப்பெட்டிகள் சீரியல் கேபிள் வழியாக எழுத்துகளை வாங்கிப் பேசின.

இரண்டாவது இயங்குதளம் வேண்டுமென்றால் இரண்டாவது கணினி வேண்டும். 1990களில் லினக்ஸைத் தொட்ட பார்வையற்றோர் பலர் இப்படித்தான் போனார்கள்: பேசும் டாஸ் கணினி ஒன்று, பேசாத லினக்ஸ் கணினி ஒன்று, நடுவே ஒரு சீரியல் கேபிள். லினக்ஸ் தன் எழுத்துகளை அந்தக் கேபிளில் அனுப்பும். டாஸ் பக்கத்துத் திரைவாசிப்பான் அதைப் படிக்கும். லினக்ஸுக்குள் ஒரு குரலும் தேவைப்படவில்லை. 1995இல் டி.வி. ராமன் வெளியிட்ட ஈமாக்ஸ்பீக், லினக்ஸுக்கே சொந்தமாக ஒரு பேச்சைத் தந்தது. அதே ஆண்டில் தொடங்கிய பிஆர்எல்டிடிஒய், லினக்ஸின் எழுத்துத் திரையை பிரெயில் டிஸ்ப்ளேயில் காட்டியது. ஆனாலும் கேபிள் உத்தி மறையவில்லை. பின்னால் அது வேறு உருவத்தில் திரும்பி வரும்.

ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளம் என்ற வசதியைப் பார்வையற்றோருக்கு முதலில் காட்டியவற்றில் ஐபிஎம்மின் ஓஎஸ்/2 ஒன்று. 1992இல் வந்த அதன் 2.0 பதிப்பு, 386 சிப்பில் இருந்த ஒரு வசதியைக் கொண்டு டாஸ் மென்பொருள்களைத் தனித்தனி மெய்நிகர் இயந்திரங்களில் ஓட்டியது. விண்டோஸ் 3 மென்பொருள்களையும் ஓட்டியது. அதற்கென்று வந்த ஸ்கிரீன் ரீடர்/2 என்ற திரைவாசிப்பான் ஓஎஸ்/2, டாஸ், விண்டோஸ் ஆகிய மூன்றையும் ஒரே குரலில் படித்தது. வெளியே நின்றுகொண்டு உள்ளே இருப்பதையும் படித்த குரல் அது. வெளியே இருந்த தளத்தையும் அதற்குள் டாஸ் ஓடும் விதத்தையும் திரைவாசிப்பானையும் ஒரே நிறுவனம் செய்ததால்தான் அது முடிந்தது. அந்தச் சேர்க்கை கலைந்த பிறகு அப்படி ஒரு முழுமை அமைய வெகுகாலம் ஆயிற்று.

வரைகலைத் திரைகள் வந்ததும் எழுத்துகள் புள்ளிகளாகிவிட்டன. நினைவகத்தில் தேடினால் 'அ' கிடைக்காது, 'அ' போன்ற ஒரு புள்ளிக்கூட்டம்தான் கிடைக்கும். மேக்கில் 1989இல் வந்த அவுட்ஸ்போக்கன் திரைவாசிப்பான் இதற்கு முதல் விடை கண்டது. விண்டோஸிலும் பிறகு அதே வழிதான்: மென்பொருளிலிருந்து 'இந்த எழுத்தை இந்த இடத்தில் வரை' என்று திரை இயக்கிக்குக் கட்டளை போகும்போதே திரைவாசிப்பான் குறுக்கே புகுந்து ஒட்டுக்கேட்டு, தனக்கென ஒரு நிழல் திரையை எழுதி வைத்துக்கொள்ளும். 1995 ஜனவரியில் வந்த விண்டோஸுக்கான ஜாஸ் இந்த முறையில் வேலை செய்தது. இதில் ஒரு விளைவு பொதிந்திருந்தது. திரைக் கட்டளைகள் எந்த இயங்குதளத்தில் பிறக்கின்றனவோ, ஒட்டுக்கேட்பவரும் அங்கேதான் உட்கார வேண்டும்.

மெய்நிகர் இயந்திரம் என்ற கருத்து புதிதல்ல. ஐபிஎம்மின் பெருங்கணினிகளில் 1960களிலிருந்தே இருந்தது. முழு இயங்குதளங்களையே ஓட்டும் வடிவில் அது மேசைக்கணினிக்கு 1999 மே மாதம், விஎம்வேர் நிறுவனத்தின் முதல் பதிப்போடு வந்துசேர்ந்தது. இண்டெல், ஏஎம்டி சிப்புகள் 2005-06இல் இதற்கென்றே வசதிகளைச் சேர்த்துக்கொண்டதும் அது எளிதாயிற்று. 2007இல் மூலநிரல் திறக்கப்பட்ட விர்ச்சுவல்பாக்ஸால் செலவும் இல்லாமல் போயிற்று.

பார்வையற்றோரை இதன் பக்கம் இழுத்ததற்கு, மற்றவர்களுக்கு அவ்வளவு முக்கியமாகப் படாத ஒரு காரணம் இருந்தது. ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுவினால், கணினி எழும்போதெல்லாம் 'எதற்குள் போகட்டும்?' என்று ஒரு பட்டியல் கேட்கும். அந்த நேரத்தில் எந்த இயங்குதளமும் எழுந்திருக்காது; ஆகவே எந்தத் திரைவாசிப்பானும் எழுந்திருக்காது. கீழ்நோக்கு அம்பை இத்தனை முறை, பிறகு என்டர் என்று மனப்பாடமாக அழுத்துவதுதான் வழி. ஒரு புதுப்பிப்பில் பட்டியலின் வரிசை மாறினால் மனப்பாடம் பொய்த்துவிடும். லினக்ஸின் கிரப் மென்பொருளில், பட்டியல் வந்ததைத் தெரிவிக்க ஒரு சிறு இசை ஒலிக்கச் செய்யலாம். பட்டியலைப் படித்துக் காட்டச் செய்ய முடியாது. வட்டைப் பிரிக்கும்போது எண் தவறினால் இருப்பதும் போய்விடும். மெய்நிகர் இயந்திரத்தில் இந்த அபாயங்கள் இல்லை. உள்ளே என்ன கெட்டாலும் வெளியே பேசும் கணினி ஒன்று பேசிக்கொண்டே இருக்கும்.

ஆனால் உள்ளே குரல் வேண்டுமென்றால் உள்ளே ஒலி வேண்டும். மெய்நிகர் இயந்திரம் தனக்குள் ஒரு சவுண்ட் கார்டைப் போலியாக உருவாக்கிக் காட்டும். தொடக்கத்தில் அது சவுண்ட் பிளாஸ்டர் 16 போல நடித்தது; பிறகு விஎம்வேர் என்சோனிக் அட்டையையும், விர்ச்சுவல்பாக்ஸ் இண்டெலின் ஏசி'97 அட்டையையும் தேர்ந்தன. விண்டோஸ் எக்ஸ்பி வரை பெரிய சிக்கல் இல்லை. விஸ்டாவும் விண்டோஸ் 7-ம் இந்தப் பழைய அட்டைகளுக்கான இயக்கிகளைக் கைவிடத் தொடங்கின. நிறுவி முடித்துக் காத்திருந்தால் கெஸ்ட் ஊமையாக நிற்கும். இயக்கியை நிறுவினால் பேசும். இயக்கியை நிறுவ அது முதலில் பேச வேண்டும்! விர்ச்சுவல்பாக்ஸ் 2010 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில், புதிய இயங்குதளங்கள் அறிந்த இண்டெல் எச்டி ஆடியோவைச் சேர்த்த பிறகுதான் அந்தப் பக்கத்தில் முடிச்சு அவிழ்ந்தது. பார்வை உள்ளவருக்கு ஒலியில்லாத கெஸ்ட் சின்னக் குறை. பார்வையற்றவருக்கு அது திரையில்லாத கணினி.

ஒலி வந்தாலும் அது தாமதமாக வரலாம். திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் பேச்சை, பழகாதவருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் ஓட்டுவார்கள். அம்பு விசையை அழுத்தியதும் பழைய சொல் அறுபட்டு அடுத்தது தொடங்க வேண்டும். போலி சவுண்ட் கார்டு ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பினால், விரல் நான்கு வரி கீழே போயிருக்கும்போது காது இரண்டாவது வரியில் நிற்கும். இசை கேட்பவருக்குத் தெரியாத இந்தச் சின்னத் தாமதம்தான் நாளெல்லாம் கெஸ்டில் வேலை செய்ய முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானித்தது.

இந்த வரலாற்றில் நீளமாகச் சொல்ல வேண்டியது மேக் கதை. ஆப்பிள் 2005 ஏப்ரலில் தன் டைகர் இயங்குதளத்தோடு வாய்ஸ்ஓவர் திரைவாசிப்பானைக் கட்டணமின்றிச் சேர்த்துத் தந்தது. 2006 முதல் மேக்குகளில் இண்டெல் சிப் வந்தது. விண்டோஸ் திரைவாசிப்பான்களுக்குத் தனியே பெரிய தொகை கொடுத்துப் பழகியவர்களுக்கு, பெட்டியைத் திறந்ததும் பேசும் கணினி பெரிய கவர்ச்சி. ஆனால் அலுவலகம் விண்டோஸில் இருந்தது. மேக்குக்கான ஆஃபிஸ் 2011ஐ வாய்ஸ்ஓவரோடு பயன்படுத்துவது ஏறக்குறைய முடியாத காரியம். வேலையிடத்து மென்பொருள்களுக்கென்று எழுதப்பட்ட ஜாஸ் ஸ்கிரிப்டுகள் விண்டோஸில் மட்டுமே ஓடும். ஆக மேக் வாங்கியவருக்கும் விண்டோஸ் வேண்டியிருந்தது. ஒரே வட்டில் மேக்கையும் விண்டோஸையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும் ஆப்பிளின் பூட் கேம்ப் வழியில் போனால் விண்டோஸ் நிறுவும் கட்டம் மௌனம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் படித்துச் சொல்ல வேண்டும். 2007 ஆகஸ்டில் விஎம்வேர் ஃபியூஷன் வந்தது. மேக்குக்கே உரிய கோகோ கட்டமைப்பில் எழுதப்பட்டதால் அதன் பொத்தான்களையும் பட்டியல்களையும் வாய்ஸ்ஓவர் படித்தது. பெயர், கடவுச்சொல், விண்டோஸ் குறியீட்டு எண் ஆகியவற்றை முன்பே வாங்கிக்கொண்டு, கேள்வியே கேட்காமல் விண்டோஸை நிறுவிமுடிக்கும் வசதியும் அதில் இருந்தது. சோம்பேறிகளுக்காகச் செய்த வசதி என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். பார்வையற்றோருக்கோ, பிறர் கண்ணை இரவல் வாங்காமல் விண்டோஸ் நிறுவக் கிடைத்த முதல் சுலப வழிகளில் அதுவும் ஒன்றாயிற்று.

நிறுவியான பிறகு விசைச் சண்டை தொடங்கும். விண்டோஸ் திரைவாசிப்பான்களின் கட்டளைகள் பெரும்பாலும் இன்செர்ட் விசையைப் பிடித்துக்கொண்டு அழுத்தப்படுபவை. மேக் மடிக்கணினியில் இன்செர்ட் விசை இல்லை. எண் பலகையும் இல்லை. கேப்ஸ்லாக்கை அதற்குப் பதிலாக வைக்கலாம் என்றால், மேக் அந்த விசையை அழுத்திப் பிடித்ததாக உள்ளே சொல்லாது; தட்டி விட்டதாகவே சொல்லும். அதனால் கெஸ்டின் பதிவேட்டில் புகுந்து, பயன்படாத வேறொரு விசையை இன்செர்ட்டாக மாற்றிக்கொள்வது வழக்கமாயிற்று. வாய்ஸ்ஓவருக்கு உரியவை கன்ட்ரோல், ஆப்ஷன் விசைகள். அவையே விண்டோஸுக்குள் கன்ட்ரோலும் ஆல்ட்டும். அதனால் விண்டோஸுக்குள் போகும்போது கமாண்ட்-எஃப்5 அழுத்தி வாய்ஸ்ஓவரை நிறுத்துவதும், வெளியே வரும்போது திரும்ப எழுப்புவதும் அனிச்சைச் செயலாகிவிட்டன. விண்டோஸுக்குள் விண்டோஸ் ஓட்டியவர்களுக்கு வேறு குழப்பம்: இரு பக்கத்திலும் ஒரே திரைவாசிப்பான், ஒரே இன்செர்ட். கட்டளை எந்தப் பக்கம் போயிற்று என்பது தெரியாது. ஒரு குறிப்பிட்ட மென்பொருளுக்குள் மட்டும் தூங்கிவிடும் நிலை ஜாஸிலும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானிலும் இருந்தது இதற்கு உதவியது. உள்ளே ஒரு குரலும் வெளியே வேறு குரலும் வைத்துக்கொண்டால், பேசுவது யார் என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏ, உள்ளே குரல் வைப்பதன் விலையைச் சுழியமாக்கியது. அதற்கு முன்பு கெஸ்டுக்குள் ஜாஸ் வைக்க உரிமம் வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் அது 40 நிமிடம் ஓடும். பிறகு கணினியை மறுபடி தொடங்கினால்தான் பேசும். மெய்நிகர் இயந்திரத்தில் கெஸ்டை மட்டும் மறுதொடக்கம் செய்தால் போதுமென்பது சிறு ஆறுதல். கட்டணமில்லாத, நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடக்கூடிய என்விடிஏ வந்ததும் இந்தக் கணக்குகள் தேவையற்றுப் போயின. அதனுடன் வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் தெரியும் என்பதால், தமிழ்க் கோப்புகளைப் படிக்கும் கெஸ்ட் ஒன்றைச் செலவில்லாமல் கட்டிக்கொள்ளவும் முடிந்தது.

லினக்ஸ் பக்கம் வேறு பாதையில் போயிற்று; அங்கே வெளிக்குரல் மரபு அறுபடவே இல்லை. ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் தொடங்கிய க்யூஎமு மென்பொருளில், கெஸ்டின் எழுத்துத் திரையைப் படமாக அன்றி எழுத்தாகவே ஹோஸ்டின் முனையச் சாளரத்தில் காட்டும் தேர்வு உண்டு. அப்போது வெளியே உள்ள திரைவாசிப்பான் உள்ளே இருப்பதை நேராகப் படித்துவிடும். இன்னொரு தேர்வு அதைவிட நயமானது: க்யூஎமு ஒரு போலி சவுண்ட் கார்டைக் காட்டுவது போல ஒரு போலி பிரெயில் டிஸ்ப்ளேயையும் காட்டும். தன்னோடு ஒரு பிரெயில் கருவி இணைந்திருப்பதாக கெஸ்ட் நம்பி அதற்கு எழுதும். எழுதியது மேசையில் உள்ள உண்மையான கருவியில் புள்ளிகளாக எழும். சீரியல் கேபிளும் மென்பொருளாக மறுபிறவி எடுத்தது. கெஸ்ட் லினக்ஸைத் தன் எழுத்துகளைப் போலி சீரியல் வாயிலில் அனுப்பச் சொன்னால், 1990களில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நடந்தது ஒரே பெட்டிக்குள் நடக்கும்.

லினக்ஸின் வரைகலைத் திரைக்கான ஓர்கா திரைவாசிப்பான் 2006இல் க்னோம் திரைச்சூழலின் 2.16ஆம் பதிப்பின் பகுதியானது. 2011இல் வந்த டெபியன் 6 என்ற லினக்ஸ் தொகுப்பு, நிறுவும் கட்டத்திலேயே மென்பொருள் குரலைத் தந்தது. தொடக்கப் பட்டியல் வந்ததும் டெபியன் ஒரு பீப் எழுப்பும். பழைய பயாஸ் கணினியில் ஒரு பீப், யூஇஎஃப்ஐ கணினியில் இரண்டு. 's' விசையை அழுத்தி என்டர் தட்டினால் சிறிது நேரத்தில் ஒரு குரல் எழுந்து மொழியைக் கேட்கும். ஒன்றுக்கு மேற்பட்ட சவுண்ட் கார்டுகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் பேசிப் பார்க்கும். எதில் கேட்கிறதோ அப்போது என்டர் தட்ட வேண்டும். மெய்நிகர் இயந்திரத்தில் இதிலும் ஒரு கண்ணி. பீப் வருவது சவுண்ட் கார்டிலிருந்து அல்ல, கணினியின் உள் ஸ்பீக்கரிலிருந்து. பல மெய்நிகர் இயந்திரங்கள் அந்த ஸ்பீக்கரை இயல்பாக வெளியே ஒலிக்கவிடுவதில்லை. பீப் கேட்காததால், மனத்துக்குள் வினாடிகளை எண்ணி, இவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தோன்றும்போது 's' தட்ட வேண்டியிருந்தது.

மைக்ரோசாஃப்ட் 2012இல் விண்டோஸ் 8 தொழில்முறைப் பதிப்பில் ஹைப்பர்-வி மெய்நிகர் இயந்திரத்தைச் சேர்த்தபோது, அதற்குப் போலி சவுண்ட் கார்டு என்று ஒன்றே இல்லை. சர்வர் அறைக்காகப் பிறந்தது அது. சர்வர் எதற்குப் பேச வேண்டும் என்று விட்டிருப்பார்கள். விண்டோஸ் 8.1இல் வந்த மேம்பட்ட இணைப்பு முறை, தொலைக்கணினி இணைப்பைப் போல ஒலியைக் கொண்டுவந்தது. அது வேலை செய்ய கெஸ்ட் முழுதாக எழுந்திருக்க வேண்டும்; நிறுவும் கட்டம் அப்போதும் மௌனமே. ஆனால் இதே அடித்தளத்தின் மேல்தான் 2019இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூஎஸ்எல் 2 கட்டப்பட்டது. அதில் உண்மையான லினக்ஸ் கெர்னல் ஒரு சிறு மெய்நிகர் இயந்திரத்தில் ஓடுகிறது. அதன் எழுத்துகள் விண்டோஸின் முனையச் சாளரத்துக்கே வருவதால் என்விடிஏயோ ஜாஸோ அவற்றை நேராகப் படிக்கின்றன. டாஸ் கணினியும் சீரியல் கேபிளும் செய்த அதே வேலை.

படமாக இருப்பதே சிக்கல் என்று இருந்த கெஸ்ட் சாளரம், பின்னாளில் படமாக இருப்பதாலேயே ஒரு நன்மையும் தந்தது. ஜாஸ் 2011இல், திரையில் தெரியும் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்துப் படிக்கும் வசதியைத் தன் 13ஆம் பதிப்பில் சேர்த்தது. என்விடிஏ 2017இல் விண்டோஸ் 10இன் எழுத்துணரியைக் கொண்டு அதைச் செய்தது. என்விடிஏ விசையோடு 'R' அழுத்தினால் கெஸ்ட் சாளரத்தில் அந்த நொடி தெரிவதெல்லாம் சொற்களாகிவிடும். நிறுவல் எங்கே நின்றுபோயிற்று, நீலத்திரையில் என்ன பிழை எழுதியிருக்கிறது, பட்டியலில் எத்தனையாவது வரியில் இருக்கிறோம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். உண்மையான கணினியின் பயாஸ் திரையை அந்தக் கணினியில் உள்ள எந்தத் திரைவாசிப்பானாலும் படிக்க முடியாது. மெய்நிகர் இயந்திரத்தின் பயாஸ் ஒரு சாளரத்துக்குள் இருப்பதால் படிக்க முடிகிறது. இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஸ்னாப்ஷாட். கெஸ்ட் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போது அதன் நிலையை அப்படியே சேமித்து வைத்துவிட்டால், ஒலி அமைப்பையோ திரைவாசிப்பானையோ துணிந்து பிரித்துப் பார்க்கலாம். குரல் போய்விட்டால், பேசிக்கொண்டிருந்த அந்தக் கணத்துக்குத் திரும்பிவிடலாம். உண்மையான கணினியில் குரல் போனால் பார்வையுள்ள ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறியது மேக் பயனர்களுக்குப் பாதி வழியில் ஒரு தடை. பூட் கேம்ப் போயிற்று. இண்டெல் விண்டோஸை ஓட்டிய மெய்நிகர் இயந்திரங்களும் புது மேக்குகளில் ஓடவில்லை. 2022இன் இறுதியில் வந்த ஃபியூஷன் 13, ஆப்பிள் சிப்பும் சேர்ந்த ஏஆர்எம் வகைக்கான விண்டோஸ் 11ஐ ஓட்டத் தொடங்கியது. 2024இல் ஃபியூஷன் கட்டணமில்லாமலும் ஆயிற்று. கேப்ஸ்லாக் தகராறு மட்டும் பழையபடியே தொடர்ந்தது.

குரலை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்பதற்கு நடுவிலும் ஒரு வழி பிறந்தது. 2015இல் என்விடிஏ ரிமோட் என்ற துணைநிரல் வந்தது. 2025இன் முதல் பதிப்பில் அந்த வசதி என்விடிஏக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. தொலைவில் உள்ள கணினிக்காக எழுதப்பட்டதுதான் இது. ஆனால் ஒரே பெட்டிக்குள் இருக்கும் கெஸ்டுக்கும் பொருந்துகிறது. கெஸ்டில் உள்ள என்விடிஏ, தான் பேச வேண்டியதை ஒலியாக அன்றி எழுத்தாகவே ஹோஸ்டுக்கு அனுப்பிவிடும். ஹோஸ்டின் என்விடிஏ அதைத் தன் குரலில், தன் வேகத்தில் பேசும். போலி சவுண்ட் கார்டும் இல்லை, அதன் தாமதமும் இல்லை. ஹைப்பர்-வியின் ஊமைத்தனமும் தடையில்லை. கெஸ்டுக்குள் என்விடிஏயை நிறுவி, இணைப்புக் குறியீட்டைத் தட்டி முடிக்கும்வரை மட்டும், ஹோஸ்டில் என்விடிஏ விசையையும் 'R'-ஐயும் அழுத்தி அழுத்தித் திரையைப் படித்துக்கொள்ள வேண்டும்.